உள்ளுக்குள் நாம் கதைக்கிற கதை

நேயர்களுக்கு வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

“எனக்கு மட்டும்தான் இப்படி நடக்குது.” “நான் தொட்டது ஒண்டும் துலங்காது.” “ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.” “இனி என்ன இருக்கு?”

வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்த ஊர் ஆளாக இருந்தாலும் சரி, உளவளத்துணைக்கென்று என் முன்னால் வந்து இருக்கிறவர்கள் கதைக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இந்த வசனங்களில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். அதைத் தங்களுடைய ஒரு எண்ணமாக அவர்கள் சொல்வதில்லை. நடந்து முடிந்த செய்தியாகவே சொல்கிறார்கள். கேட்டுப் பார்த்தால், அதை எனக்குச் சொல்வதற்கு முன்னால் தங்களுக்குத் தாங்களே எத்தனையோ தரம் சொல்லியிருப்பார்கள். சமைக்கும்போது, வயல் வட்டைக்குப் போகிற வழியில், பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, இரவில் நித்திரை வராமல் புரளும்போது. வாய் அசையாது, வீட்டில் ஒருவருக்கும் கேட்காது. ஆனால் உடம்புக்குக் கேட்கும். இன்றைக்கு நான் கதைக்க வந்தது அதைப் பற்றித்தான்.

உடம்புக்குக் கேட்கும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற நேயர்களுக்கு அது நல்லாத் தெரியும். நடுச்சாமத்தில் யானை வளவுக்குள் வந்து வாழையை முறிக்கிற சத்தம் கேட்கிறது என்று வையுங்கள். நீங்கள் யோசித்து முடிவெடுக்க முன்னமே உடம்பு வேலையைத் தொடங்கிவிடும். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் இரண்டு சிறிய சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு மேலேறும், கை கால் தசைகளுக்கு இரத்தம் பாயும், வயிற்றின் வேலை குறைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கோர்ட்டிசோல் என்ற இன்னொரு சுரப்பும் கூடும். அது இரத்தத்தில் சீனியின் அளவைக் கூட்டி, ஓடவும் கத்தவும் பிள்ளையைத் தூக்கவும் பலம் தரும். எதிர்த்து நிற்க அல்லது தப்பி ஓட உடம்பு இப்படித் தயாராவதை வால்டர் கனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915இலேயே விவரித்துவிட்டார். இது நோய் இல்லை. நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு. யானை திரும்பிக் காட்டுக்குப் போய்விட்டால் உடம்பும் மெல்ல அடங்கிவிடும்.

இப்போது அதே வளவு, அதே சாமம், யானை இல்லை. படுத்திருக்கிறவர் உள்ளுக்குள் ஒரு வசனம் சொல்கிறார்: “திங்கட்கிழமை எல்லாம் முடிஞ்சுது.” உடம்பு அதே வேலையைச் செய்கிறது. அதே நெஞ்சு அடிப்பு, அதே மூச்சு, அதே வயிறு. ஆனால் இந்த வசனத்துக்குத் திரும்பிப் போக ஒரு காடு இல்லை. அது விடியும்வரைக்கும் அங்கேயே நிற்கும், நாளைக்கும் வரும். மாதக் கணக்கில் இப்படி இருந்தால் தலையிடி, நெஞ்செரிவு, தோள்மூட்டு இறுக்கம், நித்திரையின்மை, பிள்ளைகளில் எரிந்து விழுதல் என்று ஒவ்வொன்றாக வரும். தலையிடிக்கு ஒரு பனடோலைப் போட்டுக்கொண்டு அடுத்த நாளையும் தள்ளுகிறோம்.

திங்கட்கிழமை என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனை பெண்களுக்கு அது சென்டரில் கூடி லோன் கட்டுகிற நாள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தாயைச் சொல்கிறேன். பலர் சொன்னதைச் சேர்த்து ஒரு ஆளாக்கித்தான் சொல்கிறேன், எந்த வீட்டுக் கதையும் இதில் தனியாக இல்லை. கணவர் கூலி வேலை. மழை என்றால் அதுவும் இல்லை. கோழி வளர்க்க ஒரு லோன் எடுத்தா. அதைக் கட்ட இன்னொன்று எடுத்தா. இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். முழித்ததும் அவ தனக்குச் சொல்வது இதுதான்: “நான் ஒரு கேவலம் கெட்டவள். பிள்ளைகளை நடுத்தெருவில விடப் போறன். சென்டருக்குப் போனா எல்லாரும் என்ட மூஞ்சையைத்தான் பார்ப்பாங்க.”

அவவிடம் நான் ஒரு கொப்பியைக் கொடுத்து, அந்த வசனங்களை அப்படியே, அவ சொல்கிற பேச்சிலேயே எழுதச் சொல்வேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதில் எனக்குத் தெரிந்தது என்ன, நான் எண்ணிக்கொண்டது என்ன என்று பிரிக்கச் சொல்வேன். தெரிந்தது: இந்தக் கிழமைத் தவணைக்கு 1,500 ரூபாய் குறைகிறது. எண்ணிக்கொண்டது: பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்கள். தெரிந்தது: போன தரம் சென்டரில் இரண்டு பேர் தங்களுக்குள் கதைத்துக்கொண்டு இருந்தார்கள். எண்ணிக்கொண்டது: அவர்கள் என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள். அவர்களுக்கும் தவணை குறைந்திருக்கலாம் இல்லையா? “கேவலம் கெட்டவள்” என்ற வசனம் இந்த இரண்டு பக்கத்திலும் சேராது. அது தகவலும் இல்லை, ஊகமும் இல்லை. அது ஒரு தீர்ப்பு. வழக்கு விசாரிக்க முன்னமே கொடுத்த தீர்ப்பு.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகும் 1,500 ரூபாய் குறைகிறதுதான். அதை நான் மறைக்கவில்லை. “வட்டியைக் கூட்டி வாங்குகிறவரை விட்டுவிட்டு, கடன்பட்டவளின் எண்ணத்தைத் திருத்தச் சொல்கிறீர்களே” என்று யாராவது கேட்டால், கேட்க வேண்டிய கேள்விதான் என்பேன். எண்ணத்தை மாற்றினால் கடன் குறையாது. வறுமைக்கு மருந்து மனப்பயிற்சி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் சாமத்தில் இரண்டு மணிநேரம் தன்னைத்தானே ஏசிக் களைத்த ஒருவர், காலையில் யாரிடம் போய் எப்படிக் கதைப்பார்? “நான் கேவலம் கெட்டவள்” என்ற வசனத்துக்கு அடுத்த அடி இல்லை, அதோடு கதை முடிந்துவிடும். “இந்தக் கிழமை 1,500 ரூபாய் குறையுது” என்ற வசனத்துக்கு அடுத்த அடி இருக்கிறது. தவணையைப் பிரித்துத் தரக் கேட்கலாம். கேட்பதை எழுத்தில் கேட்கலாம். தனியாகப் போகாமல் மச்சாளைக் கூட்டிக்கொண்டு போகலாம். மூன்றாவது லோன் எடுக்காமல் இருக்கலாம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்கிறேன். 1950களில் நியூயோர்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர், மனிதர்களை வருத்துவது நடந்த சம்பவத்தைவிட அதைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் பிடிவாதமான நம்பிக்கைதான் என்று சொல்லி ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். நான் இப்படித்தான் இருக்க வேண்டும், மற்றவர்கள் என்னை இப்படித்தான் நடத்த வேண்டும், வாழ்க்கை சுலபமாக இருக்கவேண்டும் என்ற மூன்று கட்டாயங்களை அவர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். கொஞ்சக் காலத்தில், 1960களில், பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் இன்னொன்றைக் கவனித்தார். நோயாளி வாய்விட்டுச் சொல்கிற கதைக்கு அடியில், மின்னி மறைகிற சின்னச் சின்ன வசனங்கள் வேறாக ஓடிக்கொண்டிருந்தன. “டொக்டருக்கு அலுப்படிக்குது”, “நான் சொல்றது முட்டாள்தனம்” என்ற மாதிரி. கேட்டால்தான் நோயாளிக்கே அது தெரியவந்தது. அவற்றுக்குத் தானாக வரும் எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். அந்த எண்ணங்களைப் பிடித்து, எழுதி, சரிதானா என்று பார்ப்பதுதான் இன்றைக்கு உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் பயன்படுகிற அறிகை நடத்தைச் சிகிச்சையின் முக்கியமான பகுதி. பெக் நூறு வயதுவரை வாழ்ந்து 2021இல் காலமானார்.

தீர்ப்புச் சொல்வது ஒரு பழக்கம். இன்னொரு பழக்கம், ஒரு சின்ன விசயத்திலிருந்து கடைசிவரைக்கும் ஓடிவிடுவது. மகன் கட்டாரில் வேலை. வெள்ளிக்கிழமை கோல் எடுக்கிறவன் எடுக்கவில்லை. தாய் ஒரு தரம் அடிக்கிறா, பதில் இல்லை. அரை மணி நேரத்துக்குள் அவவின் மனதில் விபத்து நடந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, யாரோ வீட்டுக்குச் செய்தி கொண்டுவந்து, மருமகள் மயங்கி விழுந்து, எல்லாம் முடிந்துவிடுகிறது. மகன் ஓவர்டைம் முடிந்து நித்திரை. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்த மண்ணில் திரும்பி வராத பிள்ளைகளுக்காக இன்னும் காத்திருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பயம் சரியான பயமாகவே இருந்தது. மனம் அந்தக் காலத்தில் படித்ததை இன்னும் விடவில்லை, அவ்வளவுதான். அதனால் அவவிடம், “பயப்படாதீங்க” என்று நான் சொல்வதில்லை. “போன வருசம் இப்படி எத்தனை தரம் பதில் வராம இருந்திச்சு, பிறகு என்ன நடந்திச்சு?” என்று கேட்பேன். அவவே யோசித்து, அவவே பதில் சொல்லுவா. பதில் அவவின் வாயிலிருந்து வரும்போதுதான் அது அவவுக்கு உதவும்.

“அவள் என்னைக் கண்டும் காணாத மாதிரிப் போயிட்டாள்” என்று மற்றவர் மனதை வாசிப்பது மூன்றாவது பழக்கம். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் தொடங்குகிற கோபங்களில் பாதி இதுதான். அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. கேட்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி. கல்லடி, நாவலடி, பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை, திருக்கோவில் என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே போதும். இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். அன்றைக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய தாய்மாரும் தகப்பன்மாரும் இந்தக் கரையில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இருபது வருசத்துக்கும் மேலாகத் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு வருகிற வசனம் இது: “நான்தான் கையை விட்டுட்டன்.”

இது துக்கத்தைப் பற்றியது இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துக்கம் எண்ணப் பிழை இல்லை. பிள்ளையை இழந்தவர் அழுவதற்குத் திருத்தம் தேவையில்லை. வருசத்துவசம் வரும்போது நெஞ்சு கனத்தால் அதற்குச் சிகிச்சை தேவையில்லை. “இத்தனை வருசமாச்சு, இன்னும் அழுறியா?” என்று கேட்கிறவர்கள்தான் வாயைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் “நான் விட்டேன்” என்பது துக்கம் இல்லை. அது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு என்றால் அதை விசாரிக்கலாம்.

தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வந்தது? தென்னையில் எந்த இடம்வரை? உங்களுக்கு நீந்தத் தெரியுமா? உங்கள் கையில் வேறு யார் இருந்தார்கள்? அலை வந்து அடித்தபோது நீங்கள் எங்கே போய் விழுந்தீர்கள்? மெதுவாக, அவர் விரும்பினால் மட்டும், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தி, இதைக் கேட்கலாம். இதற்குப் பயிற்சி பெற்ற ஆள் தேவை, வீட்டில் யாரும் செய்துபார்க்கக் கூடாது. பல சந்திப்புகளுக்குப் பிறகு அந்த வசனம் கொஞ்சம் நகரும். “நான் பிடிச்சிருந்தன். அலை பறிச்சிட்டு.” நடந்தது அதேதான். பிள்ளை திரும்பி வரவில்லை. ஆனால் முதல் வசனத்தைச் சொல்கிற தாய்க்கு அழக்கூட உரிமை இல்லை என்று அவவே வைத்திருந்தா. இரண்டாவது வசனத்தைச் சொல்கிற தாய் அழலாம். பிள்ளையின் போட்டோவை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துச் சுவரில் மாட்டலாம். அந்தப் பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

வசனத்தை மாற்றுவது என்று நான் சொல்வது இவ்வளவு பெரிய விசயத்தை. இதை யாராவது “நல்லதையே நினை” என்று சுருக்கிவிடும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்லதை நினைக்கச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை. உண்மையானதை, முழுமையாக நினைக்கச் சொல்கிறேன். காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று “நான் வெற்றியாளன், எல்லாரும் என்னை நேசிக்கிறார்கள்” என்று சொல்லச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். தங்களைப் பற்றித் தாழ்வாக நினைக்கிறவர்கள் “நான் அன்புக்குரியவன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை இன்னும் மோசமாகியது. ஏன் என்றால் உள்ளுக்குள் ஒரு குரல் உடனே “பொய்” என்று பதில் சொல்லும். நம்ப முடியாத நல்ல வசனத்தைவிட, நம்பக்கூடிய சாதாரண வசனம் மேல். “எனக்குக் கணக்கு வராது” என்கிற பிள்ளை “நான் கணக்கில் புலி” என்று சொல்லத் தேவையில்லை. “பின்னம் விளங்குது, வட்டிக் கணக்குத்தான் இன்னும் பிடிபடல்ல” என்று சொன்னால் போதும். அந்த வசனத்தை வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் போகலாம்.

இன்னொரு உதவாத அறிவுரை, எல்லாரும் எல்லாருக்கும் சொல்வது: “அதை நினைக்காதீங்க.” 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை ஒரு அறையில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கியவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். ஆகவே கவலையை அமுக்க வேண்டாம். அதற்கு ஒரு நேரம் கொடுங்கள். இதுவும் ஆய்வில் பார்த்த முறைதான், 1983இல் தாமஸ் போர்கோவெக்கும் உடன் இருந்தவர்களும் எழுதினார்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம். எங்கள் வீடுகளுக்கு விளக்கு வைக்கிறதுக்கு முந்திய நேரம் பொருந்தும், அல்லது அஸர் தொழுகைக்குப் பிறகு. படுக்கையில் மட்டும் வேண்டாம். பகலில் கவலை வந்தால் “சரி, உன்னைப் பின்னேரம் பார்க்கிறேன்” என்று கொப்பியில் ஒரு வரி குறித்துவிட்டுக் கையில் இருக்கிற வேலையைப் பாருங்கள். பின்னேரம் அந்தக் கொப்பியைத் திறந்தால் காலையில் மலையாக இருந்த சில வரிகள் உங்களுக்கே பொருட்டாகத் தெரியாது. மிச்சம் இருப்பவை உண்மையாகவே வேலை வேண்டுபவை. அவற்றில் ஒன்றை எடுத்து, நாளைக்கு யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன கேட்பேன் என்று எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு முறையை இனிச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் ஊர்ப் பேச்சுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஈதன் க்ரோஸ் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசப் போகிற பதற்றத்தில் இருக்கிறவர்கள் “நான் ஏன் இப்படிப் பயப்படுறேன்” என்று கேட்பதற்குப் பதிலாகத் தங்கள் பெயரைச் சொல்லித் தங்களைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டபோது, பதற்றம் குறைந்தது, நன்றாகப் பேசவும் செய்தார்கள். நம்மை நாமே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க அது இடம் கொடுக்கிறது. இனி யோசியுங்கள், எங்கள் ஊரில் ஒரு பிள்ளை விழுந்து அழுதுகொண்டு வந்தால் அம்மம்மா என்ன சொல்லிக் கூப்பிடுவா? “என்ன மனே? எங்க பட்டது? இஞ்ச வா பாப்பம்.” அந்தக் குரல் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு நெருக்கடி வரும்போது அந்தக் குரலிலேயே உங்களைக் கூப்பிடுங்கள். “மனே, இப்ப என்ன நடந்தது? முதல்ல தண்ணியைக் குடி. எதை முதல்ல செய்யலாம்?” வெட்கமாக இருந்தால் மனதுக்குள் சொல்லுங்கள். மகள் என்று கூப்பிட்டு வளர்த்த வீடானால் மகள் என்று, பெயர் சொல்லி வளர்த்த வீடானால் பெயர் சொல்லி. ஏசி வளர்த்த வீடானால், உங்களுக்கு அன்பாக இருந்த யாராவது ஒருவரின் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசிரியரின் குரலாகக்கூட இருக்கலாம்.

ஏசி வளர்த்த வீடு என்று சொன்னேன். அதில் ஒரு விசயம் இருக்கிறது. இந்த உள் வசனங்களை நாம் யாரும் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. யாரோ நமக்குச் சொன்னவை அவை. “ஒண்டுக்கும் உதவாதவன்”, “உன்னோட படிச்ச பிள்ளையைப் பார்”, “நீ பிறந்த நேரம்”. தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வருகிற அன்று எத்தனை வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை அடுத்த முப்பது வருசத்துக்குத் தேவையான ஏச்சுகளைக் கேட்டுவிடுகிறது! வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தால் இரண்டு புள்ளி குறைந்தது என்றுதான் அர்த்தம். பிள்ளை குறைந்தது என்று அர்த்தம் இல்லை. பிள்ளைகள் நாம் அவர்களுக்குச் சொல்வதை மட்டும் கேட்பதில்லை, நாம் நமக்குச் சொல்வதையும் கேட்கிறார்கள். கறி கொஞ்சம் அடிப்பிடித்தவுடன் “என்ட தலைவிதி, எனக்கு எதுவும் சரிவராது” என்று ஒரு தாய் சொன்னால், கதவடியில் இருந்து வீட்டுப்பாடம் செய்கிற பிள்ளை, பிழை விட்டால் தன்னோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்பதை அங்கே படித்துக்கொள்கிறது.

தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எங்கள் ஆட்களுக்குப் பயமும் இருக்கிறது. நாவூறு பட்டுவிடும் என்ற பயம். வேளாண்மை நல்லா விளைந்திருந்தாலும் “ஏதோ பரவாயில்லை” என்றுதான் சொல்வோம். வெளியில் அப்படிச் சொல்லுங்கள், அது நம் பண்பு, அதில் அடக்கமும் இருக்கிறது. உள்ளுக்குள் கணக்குப் பார்க்கும்போது மட்டும் விளைந்ததையும் சேர்த்து எழுதுங்கள். வெள்ளத்தில் போனதை மட்டும் எழுதி வைத்தால் அது சரியான கணக்கு ஆகாது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. “ஆம்பிளை அழக் கூடாது, ஆம்பிளை சொல்லக் கூடாது” என்று உள்ளுக்குள் ஓடுகிற வசனம் எத்தனையோ பேரைச் சாராயத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவன் பயத்தைச் சொன்னால் வள்ளம் தள்ள முடியாது. ஆனால் கரைக்கு வந்த பிறகும் அதே வசனம் எதற்கு? தோணியை இழுத்துப் போட்ட பிறகு கூட்டாளியிடம் “மச்சான், எனக்கு நித்திரை வருகுதில்லடா” என்று ஒரு வசனம் சொல்லிப்பாருங்கள். அவனும் பெரும்பாலும் அதையே சொல்வான்.

உடம்பு ஏற்கனவே துடித்துக்கொண்டு இருக்கும்போது எந்த வசனமும் ஏறாது. முதலில் மூச்சு. மூக்கால் மெதுவாக எடுத்து, எடுத்ததைவிட நீண்ட நேரம் விடுங்கள். சில நிமிடம் போதும். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறையுங்கள். வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் நடங்கள், கடற்கரையோ வாவிக்கரையோ ஒழுங்கையோ. அப்புறம் கொப்பியை எடுங்கள்.

கொப்பியால் ஆகாத நிலையும் உண்டு, அதைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க எனக்கு உரிமை இல்லை. இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், நித்திரையும் சாப்பாடும் கெட்டு, எழும்பி முகம் கழுவக்கூட ஏலாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் சிகிச்சையும் இருக்கின்றன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் உளநல கிளினிக் எந்த நாள் என்று கேட்டுப் பாருங்கள். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அங்கே போகிறவரை ஊர் விசர் என்று சொல்லுமோ என்று யோசிக்கிறீர்கள் என்றால், அதுவும் மற்றவர் மனதை வாசிக்கிற அந்தப் பழைய பழக்கம்தான். யாராவது அப்படிச் சொன்னால்கூட, உங்கள் நித்திரை அவர்களுடைய பேச்சைவிடப் பெரிது.

“நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது” என்று ஒரு வசனம் மனதில் வந்தால், அதோடு தனியாக வாதாட வேண்டாம். கொப்பியில் எழுதிச் சரிபார்க்கவும் வேண்டாம். அதை இன்றைக்கே, ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல ஏலாவிட்டால் 1926 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் எண், இரவும் பகலும் எடுக்கலாம். வீட்டில் யாராவது அப்படி ஒரு வசனத்தைச் சொல்லக் கேட்டால், “விசர்க் கதை கதைக்காத” என்று அடக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். “எப்ப இருந்து இப்படித் தோணுது?” என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடிவிடாது. அவரைத் தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எண்ணைத் திரும்பவும் சொல்கிறேன், எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்: 1926.

நன்றி. வணக்கம்.